உங்கள் கயிறு யார் கையில்?

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் உள்ள ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போய்ப் பாருங்கள். வாசலிலேயே ஒரு பலகை தொங்கும்.

"பாதுகாப்பே முதல்" என்று அதில் எழுதி இருக்கும்.

தலைக்குக் கவசம் இல்லையா? உள்ளே விடமாட்டார்கள். காலுக்குப் பூட்ஸ் இல்லையா? திரும்பிப் போகச் சொல்வார்கள். ஒரு தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டுமா? அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளே ஒருவர் இறங்கினால், வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வந்துவிடவில்லை. எத்தனையோ தொழிலாளிகள் கையையும் காலையும் உயிரையும் இழந்த பிறகு வந்தவை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 1966-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஏற்பட்டது. அந்த மார்ச் 4-ந் தேதியைத்தான் ஆண்டுதோறும் பாதுகாப்பு நாள் என்று கொண்டாடுகிறோம்.

அதே தொழிலாளி லீவு போடுகிறார். மனைவி, மக்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்கோ ஏரிக்கோ போகிறார். படகில் ஏறுகிறார். தண்ணீருக்குள் மூழ்கிப் பார்க்கக்கூடப் போகிறார்.

அங்கே ஒரு பலகை இருக்கிறதா? அனுமதிச் சீட்டு இருக்கிறதா? காவலுக்கு ஆள் இருக்கிறதா? பல இடங்களில் இல்லை. அதை நாமும் கேட்பது இல்லை.

வேலை செய்யும் இடத்தில் உயிருக்கு ஒரு மதிப்பு. விளையாடும் இடத்தில் வேறு மதிப்பா? கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பழவேற்காட்டில் நடந்தது

எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் பெரிய உப்பு நீர் ஏரி. ஒடிசாவில் உள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவிலேயே பெரிய உப்பு நீர் ஏரி இதுதான். பறவைகளைப் பார்க்கலாம். பழைய டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கலாம். விடுமுறை என்றால் வடசென்னையில் இருந்தும் கும்மிடிப்பூண்டியில் இருந்தும் குடும்பம் குடும்பமாகப் போவார்கள்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. கிறிஸ்துமஸ் விடுமுறை. உல்லாசமாகப் போய் வரலாம் என்று வந்தவர்கள் ஒரு படகில் ஏறினார்கள். அது மீன் பிடிக்கும் படகு. உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்காகக் கட்டிய படகு அல்ல. உயிர் காக்கும் சட்டையும் யாருக்கும் கொடுக்கவில்லை.

படகு கவிழ்ந்தது. 22 பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பலர் ஒருவருக்கொருவர் உறவினர்கள். பண்டிகை நாளில், சில வீடுகளில் விளக்கு ஏற்றக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

அதே தவறு, வேறு ஊர்

பழவேற்காட்டில் மட்டுமா இப்படி நடந்தது?

2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்தது. 45 பேர் பலி. தமிழ்நாட்டில் இருந்து சுற்றிப் பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. கரையில் விலங்குகள் தெரிந்ததும் எல்லாரும் படகின் ஒரே பக்கத்துக்கு ஓடினார்கள். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. படகும் சாய்ந்தது.

2023-ம் ஆண்டு மே 7-ந் தேதி கேரளத்தில் உள்ள தானூரில் ஒரு படகு கவிழ்ந்தது. 22 பேர் பலி. அதுவும் மீன்பிடிப் படகாக இருந்து, உல்லாசப் படகாக மாற்றப்பட்டதுதான். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றி இருந்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி குஜராத்தில் வதோதரா நகரத்து ஏரியில் படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் 2 பேரும் இறந்தார்கள்.

ஊர் வேறு. ஆண்டு வேறு. ஆனால் காரணங்களைப் பாருங்கள். தகுதி இல்லாத படகு. அளவுக்கு மேல் ஆள். உடம்பில் உயிர் காக்கும் சட்டை இல்லை. இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ எல்லா விபத்திலும் இருக்கின்றன.

கடல் பொல்லாதது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இவை எல்லாம் மனிதன் செய்த தவறுகள். மனிதனால் திருத்தக் கூடியவை.

புதிய ஆசை: ஸ்கூபா

படகுச் சவாரி பழைய ஆசை. இப்போது புதிய ஆசை ஒன்று வந்திருக்கிறது. அதுதான் "ஸ்கூபா" என்னும் ஆழ்கடல் மூழ்குதல்.

முதுகில் காற்று அடைத்த சிலிண்டர். வாயில் ஒரு குழாய். கண்ணுக்குக் கண்ணாடி. காலில் வாத்துக்கால் போன்ற துடுப்பு. இவற்றை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, மீனையும் பவளப் பாறையையும் நேரில் பார்ப்பதுதான் ஸ்கூபா.

1943-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் குஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும், காக்னான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து இதற்கான காற்றுக் கருவியைச் செய்தார்கள். அதற்கு முன்பு கடலடியில் நெடுநேரம் வேலை செய்தவர்கள் மேலே இருந்து வரும் காற்றுக் குழாயை நம்பி இருந்தார்கள். இந்தக் கருவி வந்த பிறகு, மீனைப் போல இஷ்டப்படி நீந்த முடிந்தது.

இன்று அந்தமானில் ஸ்கூபா இருக்கிறது. கோவாவில் இருக்கிறது. புதுச்சேரியில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே நீலாங்கரைப் பக்கமும், ராமேசுவரம் பக்கமும் இருக்கிறது. ராயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள துறைமுகத்தில் இருந்து அந்தமானுக்கு நெடுங்காலமாகக் கப்பல் போய் வருகிறது. இப்போது விமானத்திலும் போகிறார்கள். தேனிலவுக்குப் போகிற தம்பதிகள், போனஸ் வாங்கியதும் புறப்படுகிற குடும்பங்கள், கல்லூரிப் பையன்கள் எல்லாரும் ஒரு முறை மூழ்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும். கடலுக்குள் உள்ள அழகைப் பணக்காரர்கள் மட்டும்தான் பார்க்க வேண்டுமா என்ன? ஸ்கூபா கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதில் உள்ள ஆபத்து என்ன என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்கிறோம். அதை நடத்துகிறவர் விதிப்படி நடத்த வேண்டும் என்கிறோம்.

பலூனும் சோடா பாட்டிலும்

"எனக்குக் கிணற்றில் குதித்துப் பழக்கம். எனக்கு என்ன பயம்?" என்று சிலர் சொல்வார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

கிணற்றில் குதிக்கிறவர் மேலே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு குதிக்கிறார். அதே மூச்சோடு மேலே வருகிறார். ஸ்கூபாவில் அப்படி அல்ல. தண்ணீருக்கு அடியிலேயே மூச்சு விடுகிறோம். அங்கே தண்ணீரின் அழுத்தம் அதிகம். 10 மீட்டர் ஆழத்தில், தரையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் இருக்கும். ஆகவே அங்கே உள்ளே இழுக்கும் காற்றும் நெருங்கி அடைந்த காற்று.

ஒரு பலூனை 10 மீட்டர் ஆழத்தில் ஊதிக் கட்டுங்கள். அதை மேலே விடுங்கள். மேலே வரவர அது பெரிதாகும். நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்கு ஆகிவிடும். அந்தப் பலூன்தான் நமது நுரையீரல். பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று மேலே பாய்ந்தால், நுரையீரல் கிழிந்துவிடும். அதற்குப் பத்து அடி ஆழம்கூடப் போதும்.

அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி: மூச்சை அடக்காதே. இழுத்து விட்டுக்கொண்டே இரு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கோலி சோடாவைத் திறந்தால் என்ன ஆகிறது? குபுகுபு என்று நுரை பொங்குகிறது. உள்ளே அழுத்தி வைத்த காற்று, அழுத்தம் போனதும் குமிழியாக வெளியே வருகிறது. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், நமது ரத்தத்திலும் அப்படியே குமிழிகள் உண்டாகும். மூட்டுகள் வலிக்கும். கை கால் விழுந்துவிடலாம். உயிரும் போகலாம்.

ஆகவேதான் மெதுவாக மேலே வரச் சொல்கிறார்கள். மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள். மூழ்கி எழுந்த உடனே விமானத்தில் ஏறக்கூடாது என்பதும் இதனால்தான். ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரமும், பல முறை மூழ்கினால் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும். அந்தமானில் மாலையில் மூழ்கிவிட்டு மறுநாள் காலை முதல் விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "உங்களுக்கு எப்போது விமானம்?" என்று கேட்காமல் உங்களைக் கடலில் இறக்குகிறவர், தமது தொழிலைச் சரியாகச் செய்யவில்லை.

மைத்துனன் பிடித்த கயிறு

மூழ்குவது தமிழனுக்குப் புதிது அல்ல. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு பல நூறு ஆண்டுகளாக நடந்தது. 1961-ம் ஆண்டோடு அங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நின்றது.

அந்தக் காலத்தில் சிலிண்டர் ஏது? கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பொறுக்குவார்கள். மூழ்குகிறவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்தால் உடனே மேலே இழுத்துவிட வேண்டும். கண் இமைக்கும் நேரம் தாமதித்தால் போச்சு!

அந்தக் கயிற்றை யார் பிடிப்பார்? மைத்துனன் பிடிப்பான் என்று சொல்வார்கள். ஏன் தெரியுமா? கீழே இருக்கிறவன் செத்தால் தாலி அறுப்பவள் இவனுடைய அக்கா அல்லது தங்கை. ஆகவே அவன் தூங்கமாட்டான். வேடிக்கை பார்க்கமாட்டான்.

படிப்பு இல்லாத காலத்தில், சட்டம் இல்லாத காலத்தில், நமது மூதாதையர் கண்டுபிடித்த பாதுகாப்பு விதி இது. "மூழ்குகிற ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர் பொறுப்பு" என்பதே அதன் சாரம்.

இன்று ஸ்கூபா நடத்துகிறவர் நமக்கு மைத்துனன் அல்ல. கூலி வாங்கிக்கொண்டு கயிற்றைப் பிடிக்கிறவர். ஆகவே உறவு செய்த வேலையை விதி செய்ய வேண்டும்.

தலையை எண்ணாத படகு

விதியை மறந்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

1998-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி. அங்கே உலகப் புகழ் பெற்ற பவளப் பாறைத் திட்டு இருக்கிறது. 26 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போயிற்று. எல்லாரும் மூழ்கினார்கள். நேரம் முடிந்தது. படகு கரைக்குத் திரும்பியது. அமெரிக்காவில் இருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் மட்டும் படகில் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை!

இரண்டு நாட்கள் கழித்து அவர்களுடைய பை படகில் கிடந்ததைப் பார்த்தார்கள். அப்போதுதான் தேடினார்கள். விமானம், கப்பல் எல்லாம் போயின. பயன் இல்லை. அவர்களுடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

அவர்கள் கருவி கெட்டதாலோ காற்று தீர்ந்ததாலோ சாகவில்லை. தலையைச் சரியாக எண்ணாததால் செத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எவ்வளவு செலவு ஆகும்? அதன் பிறகு அந்த மாநிலத்தில், ஆட்களை எண்ணிப் பதிவு செய்யும் விதியைக் கடுமையாக்கினார்கள்.

2019-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா கடலில் நடந்தது இன்னும் கொடுமை. ஸ்கூபா மூழ்க வந்தவர்கள் படகின் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டு இருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. 34 பேர் இறந்தார்கள். இரவில் ஒருவர் சுற்றிச் சுற்றிக் காவல் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் இல்லை. 2024-ம் ஆண்டு, படகின் தலைவருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

பணக்கார நாட்டிலேயே இப்படி நடக்கிறது. ஆகவே விலை உயர்ந்த கருவி மட்டும் உயிரைக் காப்பாற்றாது. விழித்து இருக்கும் மனிதன்தான் காப்பாற்ற வேண்டும்.

நல்ல ஆளுக்கு அடையாளம்

ஸ்கூபா நடத்துகிறவர்களில் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். கண்ணும் கருத்துமாக நடத்துகிறார்கள். அவர்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? பணம் கொடுக்கும் முன்பு இந்த ஏழு கேள்விகளைக் கேளுங்கள்.

1. "உங்களுடைய பயிற்சி அட்டையைக் காட்டுங்கள்." ஸ்கூபா சொல்லிக் கொடுப்பவர் பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ., சி.எம்.ஏ.எஸ். போன்ற உலக அமைப்பு ஒன்றில் தேறி இருக்க வேண்டும். அட்டையில் எண் இருக்கும். அது நடப்பில் உள்ளதா என்று பாருங்கள்.

2. "ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்?" முதன்முதலாக மூழ்குகிறவருக்கு ஒரு ஆசிரியர் கூடவே இருப்பது நல்லது. ஒரே ஆள் ஐந்தாறு புதியவர்களை இழுத்துக்கொண்டு போனால், நீங்கள் போகாதீர்கள்.

3. "எவ்வளவு ஆழம்?" புதியவரை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. பத்து வயது நிரம்பாத பிள்ளைகளைக் கடலில் மூழ்க விடக்கூடாது.

4. "சிலிண்டரை எப்போது சோதித்தீர்கள்?" வீட்டுக் காஸ் சிலிண்டரில் சோதனைத் தேதி எழுதி இருப்பதைப் பார்த்து இருப்பீர்கள். மூழ்கும் சிலிண்டரிலும் தேதி பொறித்து இருக்கும். காற்று அடைக்கும் கம்ப்ரஸரின் வாய்க்குப் பக்கத்தில் என்ஜின் புகை வரக்கூடாது. புகை கலந்த காற்று விஷம்.

5. "படகில் பிராண வாயு இருக்கிறதா?" மூழ்குகிற சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்று. ஆபத்தில் கொடுக்க வேண்டியது சுத்தமான பிராண வாயு. இரண்டும் வேறு. முதல் உதவிப் பெட்டியும் ரேடியோவும் இருக்க வேண்டும்.

6. "நாங்கள் உள்ளே இருக்கும்போது படகில் யார் இருப்பார்?" படகை அனாதையாக விட்டுவிட்டு எல்லாரும் மூழ்கக் கூடாது. மேலே ஒருவர் காவல் இருக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் பேர் சொல்லி எண்ண வேண்டும்.

7. "எனக்கு இந்த நோய் இருக்கிறது. நான் மூழ்கலாமா?" ஆஸ்துமா, இருதய நோய், காதில் சீழ், வலிப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மூழ்கக் கூடாது. கர்ப்பிணிகள் மூழ்கவே கூடாது. குடித்துவிட்டு இறங்கக் கூடாது. "பரவாயில்லை சார், ஒன்றும் ஆகாது" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். "உங்களுக்கு வேண்டாம் அம்மா" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பவரே நல்லவர்.

கையெழுத்துப் போடும் முன்பு

பல இடங்களில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை நீட்டுகிறார்கள். "இங்கே ஒரு கையெழுத்து" என்கிறார்கள். நாமும் கல்யாண வீட்டு மொய்ச் சீட்டைப் போல நினைத்துக்கொண்டு போட்டுவிடுகிறோம்.

அது சாதாரணத் தாள் அல்ல. உங்களுக்கு என்ன நோய் இருக்கிறது என்று கேட்கும் தாள் அது. ஏதாவது நேர்ந்தால் நடத்துகிறவர் பொறுப்பு அல்ல என்றும் அதில் எழுதி இருக்கலாம். தமிழில் படித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். படிக்கத் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். புரியாத தாளில் கையெழுத்து வாங்குகிறவர்தான் வெட்கப்பட வேண்டும்.

கைச் சாடைகளையும் கரையிலேயே சொல்லித் தர வேண்டும். தண்ணீருக்குள் பேச முடியாது அல்லவா? நாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் "பிரமாதம்" என்று பொருள். ஸ்கூபாவில் அதற்கு "மேலே போக வேண்டும்" என்று பொருள்! நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். இதுகூடச் சொல்லாமல் இறக்கி, வீடியோ எடுப்பதிலேயே கவனமாக இருக்கும் ஆட்களும் உண்டு. படம் முக்கியமா, உயிர் முக்கியமா?

"ஏழைப் பிழைப்பில் மண் போடலாமா?"

சிலர் இப்படிக் கேட்பார்கள். "படகு ஓட்டுகிறவன் ஏழை. மீன் கிடைக்காத நாளில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய் நாலு காசு பார்க்கிறான். விதி, சட்டம் என்று பேசி அவன் வயிற்றில் அடிக்கலாமா?"

நியாயமான கேள்வி. பழவேற்காட்டு விபத்துக்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். விபத்து நடந்ததும் தடை போடுவது சுலபம். ஆனால் பார்க்க வருகிறவர்களின் ஆசை தடையால் தீராது. பிழைக்க வேண்டியவரின் பசியும் தீராது. வெளிச்சத்தில் நடப்பது நின்றால், இருட்டில் நடக்கும். இருட்டில் நடப்பதில் சட்டை ஏது? கணக்கு ஏது?

ஆகவே முழுத் தடை மருந்து அல்ல. பயிற்சியும் சோதனையும்தான் மருந்து.

காசிமேட்டு மீனவர் கடலைப் படித்தவர். காற்று எந்தப் பக்கம் திரும்பும், நீரோட்டம் வண்ணியா தெண்டியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். படகின் விசிறியில் வலை சிக்கினால் கத்தியோடு மூழ்கி அறுத்துவிட்டு வருவார். அவர் பிள்ளைக்கு முறையாக ஸ்கூபாவும் முதல் உதவியும் சொல்லிக் கொடுத்தால், அவனைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பானா?

ஆனால் ஒன்று. கடல் தெரிவது வேறு, சிலிண்டர் தெரிவது வேறு. தென்கடலில் சங்கு குளிக்கும் சிலர் படகில் கம்ப்ரஸரை வைத்து, குழாயில் காற்றை இழுத்துக்கொண்டு மூழ்குகிறார்கள். பரம்பரை பரம்பரையாகக் கடலில் வாழ்ந்தவர்கள்தான். ஆனாலும், சோடா பாட்டில் கணக்கு தெரியாமல் நெடுநேரம் ஆழத்தில் இருந்தால் அவர்களுக்கும் கை கால் விழும். அவர்களும் நம் உடன்பிறப்புகள்தான். பயிற்சி அவர்களுக்கும் வேண்டும்.

"செலவு கூடுமே" என்பார்கள். கூடட்டும். நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு நல்ல சட்டை கொடுக்கட்டும். உயிரோடு திரும்பி வந்தால் அந்த நூறு ரூபாயை இன்னொரு நாள் சம்பாதித்துக்கொள்ளலாம்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

2018-ம் ஆண்டு மத்திய சுற்றுலா அமைச்சகம் சாகசச் சுற்றுலாவுக்கு வழிகாட்டும் நெறிகளை வெளியிட்டது. அதில் ஸ்கூபாவும் உண்டு. 2021-ம் ஆண்டு உள்நாட்டு நீர்வழிப் படகுகளுக்குப் புதிய சட்டம் வந்தது. படகைப் பதிவு செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. ஸ்கூபா நடத்துகிறவர்களுக்கு உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. தனியாக ஒரு தரத்தையே வகுத்து இருக்கிறது. அதன் எண் 24803. நீர் விளையாட்டுக்குப் பயிற்சி தர கோவாவில் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது.

ஆக, ஏட்டில் எல்லாம் இருக்கிறது. கரையில்தான் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஆகவே அரசாங்கம் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

முதலாவது, பலகை. உல்லாசப் படகு, ஸ்கூபா நடத்தும் ஒவ்வொரு இடத்திலும் கரையிலே பெரிய பலகை வைக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை உயிர் காக்கும் சட்டை இருக்கிறது, கடைசியாகச் சோதித்த தேதி என்ன, யாரிடம் புகார் சொல்வது என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுத வேண்டும். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டியும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இரண்டாவது, சோதனை. விபத்துக்கு மறுநாள் வருகிற அதிகாரி வேண்டாம். விடுமுறைக்கு முதல் நாள் வருகிற அதிகாரி வேண்டும். பொங்கல், கோடை விடுமுறை, கிறிஸ்துமஸ் காலங்களில் கூட்டம் கூடும் கரைகளில் தினமும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி. ராயபுரம், காசிமேடு, எண்ணூர், பழவேற்காடு மீனவ இளைஞர்களுக்கு நீர் மீட்புப் பயிற்சியும் ஸ்கூபா பயிற்சியும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். எண்ணூர்க் கரையில் 2017-ம் ஆண்டிலும் 2023-ம் ஆண்டிலும் எண்ணெய் கலந்தது. மீனவர் பிழைப்பு கெட்டது. அவர்களுக்கு இன்னொரு கௌரவமான தொழில் கிடைக்கட்டுமே!

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம்.

உயிர் காக்கும் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள். சட்டை படகில் மூட்டையாகக் கிடந்தால் போதாது. உடம்பில் இருக்க வேண்டும். கொக்கிகள் எல்லாம் மாட்டி இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவுச் சட்டை வேண்டும். பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், சட்டை மிதக்கும், குழந்தை நழுவிவிடும்.

படகில் ஆள் அதிகமாக இருந்தால், கொடுத்த காசு போனாலும் இறங்கிவிடுங்கள். "பயந்தாங்கொள்ளி" என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்ன பெரியவர்கள் கோழைகளா?

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண்ணில் பேசலாம். ஆம்புலன்சுக்கு 108. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் சமையல் காஸ் குழாயை மூடினோமா என்று இரண்டு தடவை பார்க்கிறவர்கள் நீங்கள். பிள்ளை படி ஏறினால் பின்னாலேயே போகிறவர்கள் நீங்கள். கடற்கரையிலும் அதே கண்ணோடு பாருங்கள். கணவர் கேட்கத் தயங்கினால் நீங்கள் கேளுங்கள். "சட்டை எங்கே? அட்டை எங்கே? எத்தனை பேர்?" இந்த மூன்று கேள்வி போதும். பத்துக் குடும்பம் கேட்டுவிட்டுப் பதில் இல்லாமல் திரும்பிப் போனால், பதினோராவது குடும்பம் வருவதற்குள் சட்டை வந்துவிடும். அட்டையும் வந்துவிடும்.

கடலுக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நம்பக்கூடிய கையாக இருந்தால் தைரியமாக இறங்குங்கள். இல்லாவிட்டால், கரையிலேயே உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது. அடுத்த லீவுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.